அச்சை உடைத்தால்தான் சிற்பம்

கேள்வி: பொது இடங்களில் உள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்களுக்கு முதலில் பிளாஸ்டர் அச்சு எடுக்கிறார்களாமே, ஏன்?

பதில்: களிமண் காய்ந்தால் வெடிக்கும். ஈரமாகவே எத்தனை நாள் வைத்திருப்பது? அதனால்தான். மண் உருவத்தின் மீது முதலில் சாயம் கலந்த பிளாஸ்டரை மெல்லிசாகத் தெளித்து, மேலே வெள்ளை பிளாஸ்டரைத் தடிமனாகப் பூசுவார்கள். இறுகியதும் மண்ணைத் தோண்டியெடுத்துவிட்டு, உட்புறம் சோப்புக் கரைசல் தடவி, மறுபடி பிளாஸ்டர் ஊற்றுவார்கள். பிறகு அச்சை உளியால் உடைக்க வேண்டும். சாயம் தென்பட்டதும் கை மெதுவாகிவிடும். அடுத்த தட்டு சிற்பத்தின் மூக்கில் விழலாமே! இறுகும்போது பிளாஸ்டர் துளி விரியும் என்பதால் விரல்ரேகைகூடப் பதியும்.

இப்படி எடுக்கும் பிளாஸ்டர் வடிவம் வெறும் இடைப்படி அல்ல என்பதற்கு ஓர் உதாரணம்: பாஸ்டனில் 1897-இல் திறக்கப்பட்ட, படைத்தலைவர் ஷாவின் வெண்கல நினைவுச் சிற்பத்தில் கறுப்பினப் படைவீரர்கள் அணிவகுத்துச் செல்கிறார்கள். அதை முடிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸுக்குச் சுமார் 14 ஆண்டுகள் ஆயின. திறந்த பிறகும் மனம் ஆறாமல் பிளாஸ்டர் வடிவத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது பிளாஸ்டர்தான். என்னைக் கேட்டால், வெண்கலத்தைவிட அதில்தான் உயிரோட்டம் அதிகம். இப்போது அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.