பிளஸ் டூ ஆங்கிலக் கட்டுரை திருத்துவோருக்கு

90 மதிப்பெண் வினாத்தாளில் கட்டுரை, கடிதம் முதலிய ஐந்து மதிப்பெண் வினாக்களே 35-ஐ அள்ளிக்கொள்வதால், திருத்தும் ஆசிரியர்கள் பின்வரும் முறைகளை அனுஷ்டிப்பது நலம்.

1. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்து, ஒருமுறை ஆதியோடந்தமாக வாசியுங்கள்; முதல் வரியிலேயே பிழையைச் சுழித்த கை, பிற்பாடு வரும் நல்ல விஷயத்துக்கும் கொடுக்கக் கூசும்.

2. கடிதத்தில் முகவரி, தேதி, விளி, முடிப்பு ஆகிய அங்கங்களை முதலில் பாருங்கள், மேனேஜருக்கு எழுதிய விண்ணப்பத்தை 'யுவர்ஸ் லவ்விங்லி' என்று முடித்திருந்தால் (முடிப்பார்கள்!), வாக்கியங்கள் எத்தனை சுத்தமாயினும் அது பிரயோஜனப்படாது.

3. ஒரே எழுத்துப்பிழை பலமுறை வந்தாலும் ஒருமுறையே குறையுங்கள், அறியாமை ஒன்றுதான்.

4. மதிய உணவுக்குப்பின், காலையில் திருத்திய தாளொன்றை மறுபடி புரட்டுங்கள். கை தாராளமாயிற்றா, இறுகிற்றா என்பது புலப்படும்.