மறைபொருளும் ரகசியமும்

மாதுங்காவில் நடைபெறும் கீதை வகுப்பொன்றில் அன்பர் ஒருவர் வினவினார்: “மேலைநாட்டாருக்கும் ரகசிய வித்தை உண்டாமே! உபநிஷத்துக்கும் ரகசியம் என்றுதானே பொருள் கூறுகிறோம்? இரண்டும் ஒன்றுதானா?” நல்ல வினா. விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே மும்பையின் கிர்காம் வரை சென்றால் போதும்.

நியூயார்க்கில் 1875-இல் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் முதன்மையான பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1879 பிப்ரவரி 16 அன்று பம்பாயில் வந்திறங்கினர். கிர்காமில் குடியேறி, அவ்வாண்டு அக்டோபரிலேயே ‘தியாசஃபிஸ்ட்’ என்னும் மாத இதழைத் தொடங்கினர். அடையாற்றுக்குப் பெயர்ந்தது 1882 டிசம்பரில்தான்.

அவர்கள் சுமந்து வந்த மரபு பழையது. 1463-இல் ஃபிளாரன்ஸ் நகரத் தலைவர் கோசிமோ, பிளேட்டோவின் நூல்களைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு, ஹெர்மீஸ் என்னும் எகிப்திய ஞானியின் பெயரால் வழங்கிய சுவடியை முதலில் மொழிபெயர்க்குமாறு ஃபிச்சினோவைப் பணித்தார். அதன் தொன்மையில் அத்துணை நம்பிக்கை! ஆனால் 1614-இல் கசாபோன் என்ற அறிஞர் அதன் கிரேக்க நடையை ஆராய்ந்து, அது கிறிஸ்துவுக்குப் பிற்பட்டதே எனக் காட்டினார். விந்தை என்னவெனில், அதே ஆண்டில் ஜெர்மனியில் ரோசிக்ரூசியர் என்னும் மறைவான சகோதரக் குழுவைப் பற்றிய அறிக்கை அச்சேறியது. மக்கள் அக்குழுவைத் தேடித் தவித்தனர். மறைந்திருப்பதன் மீது மனிதனுக்குள்ள மோகம் எளிதில் தீர்வதில்லை.

கண்ணுக்குப் புலப்படாத மகாத்மாக்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களும் இத்தகைய சோதனைக்கு ஆளாயின. அவை மோசடி என்று லண்டன் ஆய்வுக் கழகம் ஒன்றின் அறிக்கை 1885-இல் கூறியது. அந்த ஆய்வு முறையே பிழையானது என்று அதே கழகத்தின் இதழ் 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. வழக்கு எவ்வாறாயினும், எழுதியவரிடம் மாணவன் எதிர்க்கேள்வி கேட்க இயலவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

உபநிஷத்தில் குரு எதிரே அமர்ந்திருக்கிறார். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை நீரில் உப்பைக் கரைக்கச் செய்து, மேலும் நடுவிலும் அடியிலும் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார். அங்கே ரகசியம் என்பது ஒளித்துவைத்தது அன்று. நாவிலேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாதது.

ஆயினும் நன்றி மறத்தல் தகாது. 1889-இல் லண்டனில் பிரம்மஞான அன்பர் இருவர், தங்களுடன் கீதை படிக்க வருமாறு ஓர் இந்திய மாணவரை அழைத்தனர். சமஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ அதனைத் தாம் படித்ததே இல்லை என்று வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு, அவர்களோடு அமர்ந்து படிக்கத் தொடங்கினார், மோகன்தாஸ் காந்தி.