மருந்து வேண்டாம், இறக்கையைச் செய்யட்டும்

கேள்வி: தம்பினுக்கு அருகே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இரண்டாம் படிவம் படிக்கும் என் மகன், ராக்கெட்டாக ஏறி விமானமாக மிதந்து இறங்கும் கிளைடர் ஒன்றைச் செய்யத் துடிக்கிறான். அதற்குரிய மோட்டார் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தைக் குழாயில் அடைத்தால் போதும் என்கிறான் அவனுடைய நண்பன். செய்ய விடலாமா? வேறு வழி இருக்கிறதா?
– ஒரு தந்தை, தம்பின்

பதில்: வெடியைப் பிரிக்க விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ராக்கெட் மோட்டாருக்குள் இருக்கும் மருந்து கல்லைப் போல இறுக்கி அழுத்தப்பட்டது, அடுக்கடுக்காக எரியும். வெடி மருந்து ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதைக் குழாயில் போட்டு அடைத்தால் கையில் இருப்பது வெடிகுண்டுதான். குச்சியால் இடிக்கும்போது எழும் உரசலே தீப்பொறிக்குப் போதும். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இதைத் தயாரிப்பது குற்றமும்கூட. 1991 மே 7 அன்று சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பையன்களுக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு பிறந்ததற்குக் காரணமே இந்த ஆபத்துதான். 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டிலேயே மருந்து கலந்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். ஆர்வில் கார்லைல் என்பவர் 1954இலேயே உருவாக்கியிருந்த காகிதக்குழாய் மோட்டாரை எடுத்துக்கொண்டு, ஹாரி ஸ்டைன் என்பவர் அதற்கான பாதுகாப்பு விதிகளை வகுத்தார். மருந்தைத் தொடாமலே ராக்கெட் விடலாம் என்பதுதான் அதன் அடிப்படை.

உங்கள் மகன் ஆசைப்படுவதை இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. ஆர்.எல்.வி-டி.டி. என்ற இறக்கை வைத்த கலம், 2016 மே 23 காலையில் ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் மோட்டாரின் தலைமேல் அமர்ந்து கிளம்பியது. அதைக் கட்டிய விக்ரம் சாராபாய் மையத்துக்கு அப்போது இயக்குநர் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளைக்காரரான கே. சிவன். கலத்தின் நீளம் ஆறரை மீட்டர், எடை 1.75 டன். சுமார் 65 கி.மீ. உயரம் தொட்டு, ஒலியைப் போல் 5 மடங்கு வேகத்தில் இறங்கி, 450 கி.மீ. தள்ளி வங்கக் கடலை அடைந்தது. மொத்தப் பறப்பு 770 நொடி. அதில் மோட்டார் எரிந்தது 91 நொடிதான். ஓடுபாதையில் இறங்கப் பழகியபோது ராக்கெட்டே வேண்டியிருக்கவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்காவில் ஹெலிகாப்டர் அதே வகைக் கலம் ஒன்றை நாலரை கி.மீ. உயரத்துக்குத் தூக்கிப் போய் விட்டது. அது தானாகவே மிதந்து வந்து இறங்கியது.

ஆகவே மோட்டார் இல்லையே என்று பையன் சோர வேண்டாம். இதில் கடினமான பாதி கிளைடர்தான். மேலே பாயும்போது மூக்கு கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் இறக்கை தூக்கிவிட, வளையமடித்துத் தரையில் மோதும். மிதக்கும்போதோ அதே கனம் கிளைடரைத் தலைகீழாகக் குத்த வைக்கும். மோட்டார் எரிந்து முடிந்ததும் அதன் கூட்டைக் கழற்றிவிட்டு மூக்கை லேசாக்குவது ராக்கெட்காரர்கள் கண்ட வழி.

மகன் முதலில் ரப்பர் கயிற்றால் ஏவும் கிளைடர் செய்யட்டும். 2 அல்லது 3 மி.மீ. பால்சா பலகை போதும், மெல்லிய நுரைப் பலகையும் ஆகும். இறக்கை நுனிக்கு நுனி 30 செ.மீ., அகலம் 6. உடலுக்கு 28 செ.மீ. குச்சி, அதன் மூக்கிலிருந்து 7 செ.மீ. விட்டு இறக்கையின் முன்விளிம்பு வரட்டும். வால் இறக்கை 11க்கு 4. இறக்கையை நடுவில் மடக்கி இரு நுனிகளையும் 3 செ.மீ. உயர்த்தி ஒட்டினால், சாய்ந்தாலும் தானே நிமிரும். முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. பின்னால் இரண்டு விரல் நுனிகளில் தாங்கினால் கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும். நிற்கும்வரை மூக்கில் பிளாஸ்டிசின் வையுங்கள்.

பிறகு புல்தரையில் தோள் உயரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். மூக்கைத் தூக்கி, தயங்கி, தொப்பென்று விழுந்து, மறுபடி தூக்கினால் மூக்குக் கனம் போதவில்லை. பயறு அளவு சேர்த்துத் திரும்ப விடுங்கள். நேராகக் குத்தினால் அதே அளவு கிள்ளி எடுங்கள், அல்லது வால் இறக்கையின் பின்விளிம்பை மயிரிழை மேலே வளையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் இங்கேதான் பையன் விமானவியல் கற்கிறான். சமன் வந்த பிறகு ரப்பரில் இழுத்து, கிளைடரை ஒரு பக்கம் சாய்த்து உயர ஏவலாம். சாய்த்தால் வளையமடிக்காது.

இதில் கை பழகியதும் நீர் ராக்கெட்டுக்குப் போகலாம். தேசியக் கோளரங்கம் அதற்குப் போட்டிகளே நடத்தியிருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கும் பழக்கமானது. கேஸ் பானம் அடைத்த ஒன்றரை லிட்டர் போத்தல்தான் வேண்டும், குடிநீர்ப் போத்தல் காற்றழுத்தம் தாங்காது. அடியில் துடுப்புகள், மூக்கில் கொஞ்சம் கனம், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர், அளவுமானி உள்ள சைக்கிள் பம்பு. 4 பாருக்கு மேல் அடிக்கக் கூடாது. கண்ணாடி அணிந்து, நீளக் கயிற்றால் தள்ளி நின்று விடுவிக்க வேண்டும். போத்தலின் இரு பக்கமும் முன்னோக்கிய கொக்கியில் ஒவ்வொரு கிளைடரை மாட்டுங்கள். ஒன்று மட்டும் மாட்டினால் ராக்கெட் அந்தப் பக்கம் இழுபடும். தண்ணீர் பீறி முடிந்ததும், பருத்த வெறும் போத்தலைக் காற்று சட்டென்று தடுக்கும். மெல்லிய கிளைடர்கள் அவ்வளவு வேகம் குறையாமல் கொக்கியிலிருந்து முன்னே நழுவிப் பிரிந்துவிடும்.

இடம் பள்ளித் திடலாக இருக்கட்டும். செம்பனைக்குள் போனால் மட்டை முள்ளிலிருந்து கிளைடரை மீட்க முடியாது. கீழே நாகமும் இருக்கும். காலை ஏழரை, எட்டு மணிக்குக் காற்று அசையாது, சமன் பார்க்க அதுதான் நேரம். பத்து மணிக்கு மேல் வெயிலில் சூடேறிய திடலிலிருந்து காற்று மேலெழும். அதில் சிக்கினால் நல்ல கிளைடர் இறங்காமலே மரங்களைத் தாண்டிப் போய்விடும். இறக்கையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.