கே-2: பெயர் கிடைக்காத சிகரம்

எவரெஸ்ட் சிகரம் ஒரு நில அளவை அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகின் இரண்டாவது உயரமான சிகரத்துக்கோ ஓர் எழுத்தும் ஓர் இலக்கமுமே இன்றும் பெயர்.

1856இல் பிரித்தானிய நில அளவையாளரான மொன்கொமரி, காஷ்மீரின் ஹரமுக் மலையில் நின்று, இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் தெரிந்த காரகோரச் சிகரங்களை வரைந்தார். அவற்றுள் இரண்டைக் கே-1, கே-2 என்று குறித்துக்கொண்டார். 'கே' என்பது காரகோரத்தின் முதலெழுத்து. பின்னர் உள்ளூர்ப் பெயர்களை விசாரித்தபோது கே-1இற்கு மஷர்ப்ரும் என்ற பெயர் கிடைத்தது. கே-2இற்கு நிலைத்த பெயர் எதுவும் கிடைக்கவில்லை.

காரணம் அதன் இருப்பிடந்தான். தென்புறத்தில் கடைசிக் கிராமம் பல்திஸ்தானின் அஸ்கோலி. அங்கிருந்து பார்த்தாலும் மலை தெரியாது. 8,611 மீற்றர் உயரமான மலை கண்ணிற்படாது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் வேறு மலைகள் மறைத்து நிற்கின்றன. அறுபது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் பல்தோரோ பனிக்கட்டியாற்றின் மீது நாட்கணக்காக நடந்து, கொன்கோடியா என்னுமிடத்தை அடைந்தால்தான் அது முழுமையாகக் காட்சி தரும். காணாத மலைக்கு யார் பெயர் வைப்பார்?

1954 ஜூலை 31ஆம் திகதி இத்தாலியரான கொம்பஞோனியும் லாச்செதெல்லியும் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். பொது அறிவுக்காக நாம் மனனம் செய்வது இவ்விரு பெயர்களையே. முதல்நாள் அவர்களுக்கான ஒட்சிசன் சிலிண்டர்களைச் சுமந்து சென்றவர்கள் வேறு இருவர். ஒருவர் 24 வயதான இத்தாலியர் பொனாற்றி. மற்றவர் ஹுன்ஸாவைச் சேர்ந்த சுமைகாரர் அமீர் மஹ்தி. பேசிக்கொண்ட இடத்திலே கூடாரம் இருக்கவில்லை; அதைவிட உயரத்தில், வேறோர் இடத்தில் அடித்திருந்தார்கள். "ஒட்சிசனை வைத்துவிட்டு இறங்குங்கள்" என்ற குரல் மட்டும் இருளில் கேட்டது. இறங்க வழியேது? ஏறத்தாழ 8,100 மீற்றர் உயரத்தில், கூடாரமுமின்றி உறங்குபையுமின்றி, பனியில் வெட்டிய சிறு திட்டிலே இருவரும் இரவைக் கழித்தனர். மஹ்தி அணிந்திருந்தவை உயர்மலைக்கான சப்பாத்துகள் அல்ல. உறைந்துபோன அவரது கால்விரல்கள் அனைத்தும் பின்னர் அகற்றப்பட்டன.

அன்றிரவு நடந்தது பற்றிப் பொனாற்றி சொன்னதே உண்மையென இத்தாலிய மலையேற்றக் கழகம் ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. மஹ்தி 1999இலேயே காலமாகிவிட்டார்.

குளிர்காலத்தில் எவரும் தொடாதிருந்த அவ்வுச்சியை 2021 ஜனவரி 16ஆம் திகதி நேபாளியர் பத்துப் பேர் அடைந்தனர். முன்னே சென்றவர்கள் உச்சிக்குச் சில மீற்றர் கீழே நின்று, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பத்துப் பேரும் ஒன்றாகவே ஏறினார்கள்.