குண்டும் அதன் நிழலும்

ஜாசின், மலாக்கா.

அன்புள்ள பேரனுக்கு,

பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது, உன் சித்தப்பா அலமாரியின் மேல் போர்த்தி வைத்திருந்த பழைய கணினியை இறக்கித் தூசி தட்டி உயிர்ப்பித்து, அதில் கிடந்த ‘ஸ்பேஸ் கேடட்’ என்னும் பின்பால் விளையாட்டில் இரண்டு பகலையும் ஓர் இரவின் பாதியையும் நீ செலவிட்டதையும், புறப்படும் தருணத்தில் காரின் கண்ணாடியை இறக்கி, “தாத்தா, நிஜமான பின்பாலும் இப்படித்தானே இருக்கும்?” என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை. கார் நகர்ந்துவிட்டபடியால் “ஏறக்குறைய” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்னவன் ஒரு பிள்ளையின் கேள்விக்கு இப்படிப் பட்டும் படாமலும் விடை சொல்லலாமா என்று அன்றிலிருந்து மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது. எந்த அம்சத்தில் ஏறுகிறது, எந்த அம்சத்தில் குறைகிறது என்று பிரித்துச் சொல்வதே முறை. ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் பெயர். பின்பால் என்பதிலுள்ள ‘பால்’ நம் ரப்பர்த் தோட்டத்துப் பாலன்று. ‘பின்’ என்றால் ஆணி, ‘பால்’ என்றால் குண்டு. நாங்கள் லயத்தில் குடியிருந்த காலத்தில் உன் பெரிய தாத்தா, அதாவது என் அண்ணன், ஒரு பெட்டிப் பலகையைச் சாய்வாக நிறுத்தி, அதில் வரிசை வரிசையாக ஆணிகளை அறைந்து, கோலிக்குண்டை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு, அது எந்த ஆணியில் மோதி எந்தப் பக்கம் திரும்பி எந்தக் குழியில் போய் விழுகிறது என்று சிநேகிதர்களோடு பந்தயம் கட்டுவார். தமக்குத் தெரியாமலே அவர் செய்து வைத்திருந்தது பின்பாலின் பூர்வீக வடிவம். ஐரோப்பாவில் ‘பாகடெல்’ என்று வழங்கிய மேசை விளையாட்டுக்கு, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் இருந்த மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் சுருள்வில் பொருத்திய தள்ளுகோலைச் சேர்த்து 1871இல் காப்புரிமை பெற்றார். 1931இல் காட்லீப் நிறுவனம் ‘பேஃபிள் பால்’ என்ற பெயரில் காசு போட்டு ஆடும் பெட்டியைச் செய்து கடை கடையாக அனுப்பியது. குண்டை ஏவிவிட்ட பிறகு ஆடுபவன் செய்யக்கூடியது பெட்டியைக் கையால் அசைப்பது ஒன்றுதான். 1947இல் அதே நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ், ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற பெட்டியில் மின்சாரத்தால் அசையும் ஆறு தட்டுக்கைகளைப் பொருத்திய பின்னரே, தன் போக்கில் உருண்டு கீழே போய்க்கொண்டிருந்த குண்டை மறித்துத் திருப்பி அனுப்பும் உபாயம் மனிதனுக்குக் கிட்டியது. நீ ‘ஃபிளிப்பர்’ என்று சொல்வது அந்தத் தட்டுக்கையைத்தான்.

பின்பால் சாமர்த்தியமா, சூதாட்டமா என்ற சந்தேகம் வெகுகாலம் தீரவில்லை. நியூயார்க் நகரம் 1942 முதல் 1976 வரை இதைத் தடை செய்தே வைத்திருந்தது; கடைசியில் ரோஜர் ஷார்ப் என்ற ஓர் இளைஞர் நகர மன்றத்தார் முன்னிலையில், குண்டு இன்ன வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அவ்வாறே அனுப்பிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கிற்று.

இனி நிஜமான யந்திரத்துக்கு வருகிறேன். நான் பயிற்சி ஆசிரியனாக இருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை மாலை, மலாக்கா நகரத்தில் ஒரு கேளிக்கைக் கூடத்தின் மூலையில் அதை முதன்முதலாகக் கண்டேன். இடுப்பளவு உயரத்தில் நான்கு கால்களில் நிற்கும் ஒரு நீண்ட பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கடியில், ஏறக்குறைய ஆறரை டிகிரி ஆடுபவனை நோக்கிச் சாய்ந்த பலகை, அதன்மேல் ஓடுவது 27 மில்லிமீட்டர் குறுக்களவும் 80 கிராம் எடையுமுள்ள ஓர் எஃகுக் குண்டு. எண்பது கிராம் என்பது சொல்லும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தக் குண்டு பாய்ந்து வந்து தட்டுக்கையில் மோதும்போது, அந்த அதிர்ச்சி பலகை வழியாகப் பெட்டிக்கும் பெட்டி வழியாக உன் உள்ளங்கைக்கும் வந்து சேர்கிறது பார், அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் நடப்பது வெறும் காட்சியன்று என்பது பிரத்தியட்சமாகும். ஒவ்வொரு தட்டுக்கைக்கும் அடியில் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் தடித்த கம்பிச் சுற்றின் முழு வேகத்தோடு கை மேலே எழும்புகிறது. எழும்பி முடிந்த கணத்தில் ஒரு சிறு விசை திறந்து, மெல்லிய கம்பிச் சுற்றும் சேர்ந்துகொள்ள மின்னோட்டம் தணிந்துவிடுவதால், நீ எவ்வளவு நேரம் பொத்தானைப் பிடித்திருந்தாலும் சுருள் எரிந்துபோகாமல் கை தூக்கியபடியே நிற்கிறது. அப்படித் தூக்கிய கையில் குண்டை ஏந்தி நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டு, கையைத் தாழ்த்தி உருளவிட்டு, அது கையின் அடியருகே இருக்கும்போது தட்டுவதா நுனியருகே வந்தபின் தட்டுவதா என்று தேர்ந்துகொள்வதில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. அரை அங்குல வித்தியாசத்தில் குண்டு பலகையின் வேறொரு மூலைக்குப் போய்விடும்.

அந்தப் பலகையைக் கூர்ந்து பார்த்தபோது எனக்கு மட்டும் விசேஷமான ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. தட்டுக்கைகளையும் ஆங்காங்கே நின்ற கம்பங்களையும் சுற்றிப் பூட்டியிருந்தவை ரப்பர் வளையங்கள்! 1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் அதிபர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். மலாயாவில் வியாபார நோக்கோடு வைத்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு அவரே புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். அந்த அசகானுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் என் தாயார் இருட்டோடு எழுந்து பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து வெட்டிய மரங்களின் பால், எங்கெங்கோ போய் எதெதுவாகவோ மாறி, கடைசியில் இப்படியும் ஒரு குண்டைத் துள்ள வைக்குமா என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

ரப்பரைப் பற்றி நமக்குத் தெரியாததா? புது வளையம் குண்டைச் சீறி எறியும். நாட்பட்டது இறுகி, வெடித்து, சோம்பலாகத் திருப்பி அனுப்பும். பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் ஓட்டம் மாறும். பெட்டியின் ஒரு கால் சற்றுத் தாழ்ந்தாலும் குண்டு ஒரு பக்கமாகவே இழுபடும். ஆகவே ஒரே அச்சில் வார்த்த இரண்டு யந்திரங்கள் ஒருபோதும் ஒன்றுபோல் ஆடுவதில்லை. உன் கணினியிலோ ரப்பர் என்பது ஓர் எண். மோதிய குண்டு தன் வேகத்தில் எத்தனை பங்கோடு திரும்பவேண்டும் என்று எழுதிவைத்த கணக்கு அது. பத்து வருஷம் போர்வைக்குள் கிடந்து எழுந்த பிறகும் அந்த எண்ணில் ஒரு வெடிப்பும் விழவில்லை.

அந்தச் சனிக்கிழமையின் கதையை முடித்துவிடுகிறேன். நடுவழியில் நேராக வந்த குண்டு இரண்டு தட்டுக்கைகளுக்கும் இடையே நழுவப் போவதைக் கண்டு, பதற்றத்தில் பெட்டியை இரு கையாலும் பிடித்து ஓங்கிக் குலுக்கினேன். மறுகணம் விளக்குகள் அணைந்தன. பொத்தானை அழுத்தினால் கைகள் அசையவில்லை. ‘டில்ட்’ என்ற எழுத்துமட்டும் ஒளிர, குண்டு என் கண்ணெதிரே சாவதானமாக உருண்டு பள்ளத்தில் இறங்கியது. பெட்டிக்குள் ஓர் உலோக வளையத்தின் நடுவே ஒரு சிறு தூக்குக்குண்டு தொங்குகிறது, அளவுக்கு மீறிக் குலுக்கினால் அது வளையத்தைத் தொட்டு ஆட்டத்தை முடித்துவிடும் என்று அருகில் நின்ற சீனப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் நம்பாமல், பஸ்ஸுக்கு வைத்திருந்த 20 காசு நாணயங்களையும் போட்டு, இரண்டு முறை அதே குற்றத்தைச் செய்து, கடைசியில் ஜாசின் சாலையில் நடந்தும், வழியில் வந்த லாரியில் தொற்றியும் வீடு சேர்ந்தேன்.

தூரத்தைவிட அந்தப் பையன் சொன்ன இன்னொரு வார்த்தைதான் வழியெல்லாம் கூட வந்தது. “குலுக்கவே கூடாது என்பதில்லை, கொஞ்சம் தட்டவேண்டும்” என்றான் அவன். அசைக்காதவன் குண்டை இழக்கிறான். மிஞ்சி அசைப்பவன் ஆட்டத்தையே இழக்கிறான். இந்தப் பாடத்தை நான் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் படித்திருந்தேன். பள்ளி விடுமுறைகளில் தாயாரோடு நிரைக்குப் போய்க் கற்றுக்கொண்டேனே, அந்தப் பால்வெட்டில், உளி பட்டையை மேலோட்டமாகச் சீவினால் மங்கு என்னும் கிண்ணத்தில் பால் சொட்டாது. ஆழமாக இறங்கினால், மரத்தை வளர்க்கும் உட்படலத்தில் காயம் பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாக வீங்கி, பின்னால் அந்த இடத்தில் உளி வைக்க வழியில்லாமல் போய்விடும். மரத்தைக் காயப்படுத்தாமல் அதே வெட்டின் ஓரத்தை மறுபடி மறுபடி மெல்லச் சீவும் முறையை வகுத்துப் பரப்பியவர் மேலே சொன்ன ரிட்லியேதான். ஆனால் அந்த மயிரிழை அளவு எவ்வளவு என்று என் தாயார் எனக்கு வாயால் சொன்னதில்லை. பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு வெட்டு இழுப்பார்கள், அவ்வளவுதான். பின்பால் பெட்டியைத் தட்டும் அளவும் அந்த ஜாதியைச் சேர்ந்தது.

உன் விளையாட்டிலும் அசைப்பதற்கு எக்ஸ் என்ற எழுத்தும் முற்றுப்புள்ளியும் மேல்நோக்கிய அம்பும் இருக்கின்றன. மிஞ்சினால் அங்கும் ‘டில்ட்’ வருகிறது. ஆனால் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் கணினிக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே: ‘அழுத்தினான்’. உன் கையின் பலம் அங்கே எழுத்தாகிவிடுகிறது. கெட்டியான பொருள் என்ற தன்மையும் அங்கே ஓர் உடன்படிக்கையே ஒழிய வேறில்லை. 1995இல் வெளிவந்து, பிறகு விண்டோஸ் எக்ஸ்பி வரையில் உலகெங்கும் கணினிகளில் குடியிருந்த அந்த விளையாட்டு, அடுத்து வந்த விஸ்டாவில் காணாமற்போன காரணத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதியிருக்கிறார். 64 பிட் கணினிக்கு ஏற்றபடி அதைப் பெயர்த்துப் பார்த்தபோது, ஏவுமிடத்துக்கு வந்த குண்டு அங்கே நிற்காமல், தள்ளுகோலையும் ஊடுருவிக்கொண்டு மெள்ள மெள்ளக் கீழிறங்கி, பலகையை விட்டே வெளியேறிப் போய்விட்டதாம்! மோதலைக் கண்டறியும் கணக்கில் எங்கோ பிழை. பிறர் எழுதிய, விளக்கக் குறிப்பில்லாத நிரலில் அது எங்கே என்று கண்டுபிடிக்க நேரமில்லாமல் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். எஃகு ரப்பரை ஊடுருவிப் போகாது என்று நிஜ யந்திரத்துக்கு யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால் கணினி ஆட்டம் தாழ்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்வதாக எண்ணிவிடாதே. 1981இல் ஆப்பிள் கணினிக்கு ‘ராஸ்டர் பிளாஸ்டர்’ என்ற பின்பாலை எழுதிய பில் பட்ஜ், அதன்பின் ‘பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ என்ற ஒன்றை வெளியிட்டார், அதில் கம்பங்களையும் தட்டுக்கைகளையும் சிறுபிள்ளைகளே எடுத்து வைத்துத் தங்கள் பலகையை அமைக்கலாம், ஈர்ப்பு விசையைக் கூட்டலாம், குறைக்கலாம், துள்ளலை மாற்றலாம். என் அண்ணன் ஆணிப்பலகையில் செய்ததை, பூமியின் இழுப்பையே கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு செய்யும் பாக்கியம் அது. எந்த எஃகு யந்திரமும் அதைக் கொடுக்காது. 1992இல் சுவீடனிலிருந்து வந்த ‘பின்பால் டிரீம்ஸ்’ போன்றவை, குண்டின் ஓட்டத்தைக் கண் நம்பும்படி காட்டின. எல்லாவற்றுக்கும் மேலாக, நிஜ யந்திரத்துக்கு வாரந்தோறும் ஒருவன் உட்கார்ந்து துடைத்து, வளையம் மாற்றி, விளக்குப் போட்டுக் காக்கவேண்டும். காசு வேறு வேண்டும். கணினியோ, பஸ்ஸுக்குக் காசில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கும், பள்ளிக் கணினி அறையின் ஒரு மூலையில், கேடட் பதவியிலிருந்து கப்பற்படைத் தளபதி வரைக்கும் உயர்வு கொடுத்திருக்கிறது.

ஆகையால் உனக்குச் சொல்லும் யோசனை இதுதான். கணினியில் ஆடும்போது இரண்டு கைகளையும் ஒருசேர அடிக்கும் கெட்ட பழக்கத்தை விடு. எந்தப் பக்கம் குண்டு வருகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி, ஏந்தி, நிறுத்தி, இலக்கைப் பார்த்த பிறகு அனுப்பு. எந்த வழியை முதலில் திறந்தால் எது பின்னால் பலிக்கும் என்ற விதிகளை மனப்பாடம் செய். அவ்வளவையும் கணினியே உனக்குச் செவ்வையாகக் கற்பிக்கும். என்றைக்காவது ஒரு நிஜ யந்திரத்தின் முன்னால் நிற்கும் பாக்கியம் கிடைத்தால், முதல் குண்டை ஜெயிப்பதற்காக ஆடாதே. பலகை எந்தப் பக்கம் சாய்கிறது, ரப்பர் புதிதா பழையதா, உள்ளங்கைத் தட்டுக்குப் பெட்டி எவ்வளவு இசைகிறது என்று அறிவதற்காக அதைச் செலவிட்டுவிடு.

வீட்டுக்குப் பின்னால் செம்பனைக்கு இடங்கொடுக்காமல் இன்னும் ஐந்தாறு பால்மரங்கள் நிற்கின்றன. என் தாயாரின் உளியும் பரண்மேல் துருப்பிடிக்காமல் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் வரும்போது ஒரு நாள் மட்டும் விடியுமுன் எழுந்திரு. உன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே ஒரு வெட்டு இழுத்துக் காட்டுகிறேன். அன்று காரில் ஏறிக்கொண்டே நீ கேட்ட கேள்விக்கு, இந்தக் கடிதத்தில் சொல்ல முடியாமல் போன பாக்கி விடை அதில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் தாத்தா.