ஓலை முடையும் கைகளுக்கு வேலை கொடுப்போம்



பங்குனி பிறந்துவிட்டது. வேம்பு பூத்துக் கிடக்கிறது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனைகளில் பாளை சீவுகிறார்கள், பதநீர் வந்துகொண்டிருக்கிறது. கத்திரி வெயில் தொடங்குமுன் கிடைக்கும் இந்த வாரங்கள் குருத்தோலை வெட்டிக் காயப்போட ஏற்றவை. வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஏதேனும் கைவேலை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கும் இதுதான் பருவம்.

கைவேலை என்றதும் பலர் வண்ணக் காகிதமும் பசையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளை பள்ளியில் செய்யும் பூவை நன்னியும் செய்ய வேண்டுமாம். ஒரு நாள் செய்வார், மறுநாள் எடுத்து வைத்துவிடுவார். பத்துப் பிள்ளைகளை வளர்த்து, நோன்புக்கும் நிக்காஹ்வுக்கும் ஊருக்கே சமைத்துப்போட்ட கைகள் அவை. அவற்றிடம் காகிதப் பூ ஒட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்றே நாங்கள் கருதுகிறோம். பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பகல் முழுவதும் திண்ணையிலோ தொலைக்காட்சி முன்போ உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு வேண்டியது பொழுதுபோக்கு மட்டுமல்ல. தன்னால் இன்னும் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் வேண்டும். ஆகவே அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத் தேடிப் பிடிப்பதே முதல் பாடம்.

நமது மாவட்டத்தில் அந்த வேலை பெரும்பாலும் ஓலையாகத்தான் இருக்கும். கீழக்கரையில் சாயம் தோய்த்த பனையோலையில் பெட்டியும் தட்டும் முடைவது முஸ்லிம் பெண்களின் வீட்டுக் கைவேலை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலும் முஸ்லிம் பெண்கள் இதே ஓலையில் கைவேலை செய்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைக் கோரைப்பாயைப் புகழ்பெறச் செய்தவர்கள் லெப்பைக் குடும்பத்தார். முடைவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கொஞ்ச காலமாகக் கைவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கைவிட்டதை மீட்க முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. செட்டிநாட்டில் ஆச்சிமார் முடைந்துவந்த கொட்டான், பிளாஸ்டிக் வந்தபின் மறையும் நிலைக்கு வந்தது. முடையத் தெரிந்தவர்கள் வயதான சிலர் மட்டுமே. விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை அந்தக் கைவேலையை மீட்டெடுத்துக் கிராமப் பெண்களுக்குப் பயிற்றுவித்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தச் சில முதியவர்களும் போன பிறகு தேடியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? நமது தெருக்களிலும் இன்று அதே கேள்விதான். முடையத் தெரிந்த ஒவ்வொரு நன்னியும் கண் மூடுமுன் இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். விரியாத குருத்தோலையைப் பனையேறியிடம் சொல்லி வாங்குங்கள். ஒரே மரத்தில் மிஞ்சி வெட்டச் சொல்லாதீர்கள், மரம் நலிந்துவிடும். இதழ் இதழாகப் பிரித்துச் சில நாள் வெயிலில் காயவிட்டால் பச்சை போய் வெளிறிவிடும். ஈர்க்கை நீக்கி, அரை அங்குல அகலத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு வாருங்கள். கத்தி பிடிப்பது இளையவர்கள் வேலை. சாயம் போடுவதானால் அதுவும் அவர்களுடையதே. கொதிநீரில் சாயப்பொடி கரைத்து ஓலையை முக்கி எடுக்க வேண்டும் என்பதால், சமையலுக்கு இனி எடுக்காத பழைய பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள்.

முடையத் தொடங்குமுன் ஓலையை ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும். எட்டு வாரை நெடுக்காக அடுக்கி, வேறு நிறத்தில் எட்டு வாரைக் குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என விட்டு வந்தால், நடுவில் நாலங்குலச் சதுரம் கிடைக்கும். இந்தச் சதுரத்தின் மூலைகள் கொட்டானின் மூலைகள் ஆவதில்லை. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு பக்கத்தின் மத்தியிலும் உள்ள இரண்டு வாரைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றினால் அந்த இடம் தானாக மேலெழும்பி மூலையாகும். நாலு பக்கமும் அப்படிச் செய்தபின் சுவர் சாய்வாகப் பின்னிக்கொண்டு மேலே ஏறும். மூன்றங்குலம் ஏறியதும் நுனிகளை மடக்கி உட்புறம் சொருகிவிடலாம். எழுத்தில் படித்தால் குழப்பமாகத்தான் இருக்கும். தெரிந்த கை ஒன்று செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

முடையத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஓலை விசிறி நல்லது. வட்டமாக வெட்டிய விசிறியின் ஓரத்துக்குத் துணிக்கரை வைத்துத் தைத்தால் போதும், கோடையில் மின்சாரம் நிற்கும்போது வீட்டுக்கே உதவும். பரமக்குடியில் நூலுக்குப் பஞ்சமா? தறியில் பாவு முடியும்போது மிஞ்சும் நூலை நெசவாளர் வீடுகளில் கேட்டுப் பெற்றால் விசிறிக்குத் தொங்கலும் கொட்டானுக்குக் கைப்பிடியும் பின்னலாம். தறி வீடுகளில் தார் சுற்றிப் பழகிய பாட்டிமார் நூல் வேலையில் நம்மை மிஞ்சிவிடுவார்கள். அவர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். கைவேலைக்குத் தெருப் பிரிவினை கிடையாது. ஆண்களில் நார்க்கட்டில் பின்னத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு வயர் கூடை இருக்கிறது. "அது பெண்கள் வேலை" என்று தொடக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நன்னாமார், நெல்லிக்காய் முடிச்சு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அஸர் பாங்கு வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

உடல்நிலையைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் விரல் விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கையைச் சிறிது நேரம் வைத்துவிட்டு, வெயில் ஏறியபின் உட்காரட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். தரையில் அமர முடியாதவருக்கு நாற்காலியும் உயரமான பலகையும் கொடுங்கள். கண்புரை உள்ளவருக்கு வெளிறிய ஓலையோடு சிவப்போ கருநீலமோ கலந்து கொடுத்தால் எது மேல், எது கீழ் என்று தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது சர்க்கரை நோய். ஓலையின் ஓரம் விரலைக் கீறும். உணர்ச்சி மரத்த விரலுக்குக் கீறல் பட்டதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். வேலை முடிந்ததும் வீட்டார் அவர் கையைக் கழுவிவிட்டு விரல் விரலாகப் பார்க்க வேண்டும்.

மறதி நோய் கண்டவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பெயர்களும் நேற்று நடந்தவையும் மறைந்தபிறகும், இளமையில் கை பழகிய வேலை நெடுநாள் தங்கும். மகளின் பெயரை மாற்றிச் சொல்பவரிடம் ஓலையைக் கொடுத்தால் கை தன்பாட்டுக்கு முடையத் தொடங்குவதுண்டு. தொடங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஓலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாலும் இருக்கட்டும்.

செய்த பொருளுக்கு என்ன வழி? 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் தமிழகத்தில் தடை இருக்கிறது. பெருநாளுக்குப் பேரீச்சம்பழமும் இனிப்பும் கொடுக்கக் கொட்டான் பொருத்தமானது. நிக்காஹ் தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா வாங்கும் வீட்டார், இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னால் ஓலையிலேயே கிடைக்கும். விற்ற பணம் முடைந்தவர் கையில் போய்ச் சேரட்டும். "உங்களுக்கு எதற்குப் பணம்?" என்று மகன்மார் கேட்பது நமது வீடுகளில் வழக்கம். பேத்திக்கு வளையல் வாங்கவோ ஸதகா கொடுக்கவோ, அது அவர் விருப்பம்.

காய்ந்த ஓலை மிஞ்சினால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் உயரத்தில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை அரை நாள் வெயில் காட்டினால், வெளியே போக முடியாத ஐப்பசி மழையிலும் இன்ஷா அல்லாஹ் வேலை நிற்காது.