சான்றும் சான்றோரும்: ஆர்தர் மில்லரின் நாடகமும் நெல்லை வில்லுப்பாட்டு நீலி கதையும்

முன்னுரை

சான்று, சான்றோர் என்னும் சொற்கள் ஒலியால் மட்டுமன்றிப் பொருளாலும் நெருங்கியவை. ஊரில் வழக்கொன்று எழுந்தால் சான்றை ஆராய்ந்து உண்மை உரைப்பது சான்றோர் கடன். அக்கடனில் அவர்கள் தவறினால் விளைவது யாது? இவ்வினாவை எழுப்பும் ஓர் அமெரிக்க நாடகத்தையும், தாமிரபரணிக் கரையூர்களின் கொடை விழாக்களில் பாடப்பெறும் நீலி கதையையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகமும் வரலாறும்

ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி குரூசிபிள்’ 1953 ஜனவரி 22இல் நியூயார்க்கில் அரங்கேறியது. பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மூசையே இப்பெயரின் பொருள். உலைத்தீயில் மாசு நீங்கிப் பொன் துலங்குவதுபோல், துன்பத்தில் மனிதன் தன்னை அறிகிறான் என்பது குறிப்பு.

கதை நிகழும் இடம் சேலம். இது நம் சேலம் அன்று. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் பகுதியில் ‘பியூரிட்டன்’ எனப்படும் தூய்மைவாதக் கிறித்தவர் குடியேறிய ஊர். 1692இன் தொடக்கத்தில் அங்குச் சில சிறுமியர் வலிப்புற்றவர்போல் துடித்தனர். சூனியக்காரிகள் தம்மை வதைப்பதாகக் கூறினர். தனி நீதிமன்றம் அமைந்தது. நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வாக்குமூலம் தர மறுத்த ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் பாறைகளால் அழுத்தப்பட்டு இறந்தார்.

மில்லர் வரலாற்றை அப்படியே எழுதவில்லை. சிறுமி அபிகெயிலைப் பதினேழு வயதினளாகவும், அறுபது வயதை எட்டிய ஜான் பிராக்டரை நடுவயதினராகவும் மாற்றினார். செனட்டர் மெக்கார்த்தியின் காலத்தில் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் பலர் வாழ்விழந்ததே அவரை எழுதத் தூண்டியது. 1956இல் விசாரணைக் குழுமுன் நின்ற மில்லர், பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தார். 1957இல் அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று; 1958இல் மேல்முறையீட்டில் அது நீங்கியது.

காணாத சான்று

சேலம் மன்றம் ஏற்ற சான்று விந்தையானது. ஒருவரின் ஆவியுருவம் வந்து தன்னை வதைத்ததாகச் சிறுமி சொன்னால், அதுவே சான்று. அவ்வுருவம் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பிறர் அதை மறுக்க வழியில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டோர் பெரும்பாலும் உயிர் தப்பினர். குற்றமற்றவர் என உறுதியாய் நின்றோர் தூக்கேறினர்.

நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், பொய்யே பேசாதவள் எனக் கணவன் போற்றும் எலிசபெத், அவன் மானம் காக்க ஒரே ஒரு பொய் சொல்கிறாள். அப்பொய்யே அவனைச் சாய்க்கிறது. நான்காம் அங்கத்தில், பொய் வாக்குமூலத்தில் கையொப்பமிட்ட பிராக்டர், அது தன் பெயருடன் ஊரறிய மாட்டப்படும் என்றறிந்ததும் கிழித்தெறிந்து தூக்குமேடை ஏறுகிறார்.

நீலி கதை

தொண்டை நாட்டுத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு தொடர்புடைய நீலி கதை, தென்பாண்டி நாட்டில் இசக்கியம்மன் வழிபாட்டோடு கலந்து வில்லிசையில் வாழ்கிறது. வடிவங்கள் பலவாயினும் நடு இழை ஒன்றே. பொருளாசையால் ஆடவன் ஒருவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனான அவனைப் பழிவாங்கப் பேயுருவாய்த் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று வழக்குரைக்கிறாள். அவனோ இவள் பெண்ணல்லள், பேய் என்று அலறுகிறான். பெரியோர் எழுபதின்மரும் அவள் கண்ணீரையும் குழந்தையையும் கண்டு நம்புகின்றனர். வணிகனின் கையிலிருந்த காவற்கத்தியையும் வாங்கிக்கொண்டு, ‘உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை’ என்று வாக்களிக்கின்றனர். விடியலில் அவன் பிணமாய்க் கிடக்க, எழுபதின்மரும் தீப்புகுந்து சொல்லைக் காக்கின்றனர்.

ஒப்பும் வேறுபாடும்

சேலத்தார் பேயல்லாதவரைப் பேய் என்றனர். பழையனூரார் பேயைப் பெண் என்றனர். திசை எதிராயினும் பிழை ஒன்றே. கண்முன் நிகழ்ந்த துடிப்பும் அழுகையும் சான்றாயின; எதிராளியின் சொல் எடுபடவில்லை. ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வலியுறுத்துவதும் இவ்வாராய்ச்சியையே.

வேறுபாடு, பிழைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதில் உள்ளது. பழையனூரில் தீர்ப்புரைத்தவரே உயிர் கொடுத்தனர். சேலத்தில் குற்றமற்றவர் மாண்டனர். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் இறுதிவரை வருந்தவில்லை. சாமுவேல் சீவால் என்னும் நீதிபதி மட்டும், 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில் சபையார்முன் எழுந்து நின்று, தம் குற்றத்தை ஏற்கும் ஓலை படிக்கப்படக் கேட்டார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நீலி பிறவியிலேயே கொடியவள் அல்லள். அநீதியால் மாண்ட பெண்ணே பேயானாள் என்கிறது நாட்டார் கதை. பேயைக் காணும்முன் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் காண் என்பதே அதன் உட்பொருள்.

இன்றைய நிலை

இவை பழங்கதை மட்டுமல்ல. பெண்களைச் சூனியக்காரி எனப் பழித்து அடித்தும் கொன்றும் வரும் கொடுமையைத் தடுக்கப் பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், அசாம் 2015இலும் தனிச் சட்டம் இயற்றின. பழிக்கு ஆளாவோரில் கைம்பெண்களும் ஆதரவற்ற முதியோரும் பலர். நோயும் சாவும் நேர்ந்தபோது மட்டுமன்றி, அவர்தம் நிலத்தின்மேல் எவரேனும் கண் வைத்தபோதும் பழி எழுகிறது. நம் பகுதியிலும் பிள்ளைக்கு நோய் கண்டாலோ, மாடு பால் வற்றினாலோ, ‘செய்வினை வைத்தது யார்?’ என்று அண்டை வீட்டைப் பார்க்கும் வழக்கம் இல்லாமல் இல்லை. அக்கேள்வி திண்ணையில் எழும்போதே சேலம் தொடங்கிவிடுகிறது.

முடிவுரை

மாணவர்கள் இந்நாடகத்தை அயல்நாட்டுக் கதையாக மட்டும் படித்து முடிக்கலாகாது. அடுத்த கொடை விழாவில் வில்லடிக்கும் புலவரிடம் நீலி கதையையும் கேட்டறிதல் வேண்டும். ஊர்தோறும் வடிவங்களைத் தொகுத்தால் நல்லதோர் ஆய்வும் அமையும். ஒருவரைப் பற்றிய பழிச்சொல் நம் செவிக்கு வரும்போது, ‘கண்டவர் யார்? கேட்டவர் யார்? சொன்னவர்க்கு அதனால் ஆதாயம் உண்டா?’ என வினவுதல் சான்றோர்க்கு அழகு. வினவாது தலையசைப்பவர், தம் உயிரையே பிணை வைத்த அந்த எழுபதின்மரை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.